ஜெர்மனியில் பொதுக் காப்பீடா, தனியாரா? மற்ற நாடுகளையும் பக்கத்தில் வைத்து

ஜெர்மனியில் ஆண்டுச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் (2025-இல் 73,800 யூரோ) பொது மருத்துவக் காப்பீட்டிலேயே தொடரலாம், தனியாருக்கும் மாறலாம். நான் மாறவில்லை.

தனியாரின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். நிபுணரிடம் சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும், இளம் வயதில் பிரீமியமும் குறைவு. பொதுவில் தோல் மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சரி, அது இருக்கட்டும்.

நான் பார்த்தது ஒன்றைத்தான்: நம்மிடம் எதை வைத்துப் பணம் கேட்கிறார்கள்? பொதுவில் சம்பளத்தை வைத்து. 14.6 சதவீதமும், அதற்கு மேல் அந்தந்தக் காப்பீட்டு அமைப்பு சேர்க்கும் கொஞ்சமும். இதில் பாதியை வேலை தரும் நிறுவனம் கட்டிவிடும். வருமானம் இறங்கினால் கட்டணமும் இறங்கும். வருமானமில்லாத துணைக்கும் பிள்ளைகளுக்கும் தனியாகக் கட்ட வேண்டாம். தனியாரிலோ சேரும்போதுள்ள வயதும் உடல்நிலையும்தான் கணக்கு, அதுவும் ஆளுக்கொரு பிரீமியம். முதுமைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்தாலும் பிரீமியம் ஏறத்தான் செய்கிறது. பென்ஷன் வந்த பிறகு நம் வருமானம் பாதியாகிவிட்டதே என்று அது இரக்கப்படாது. 55 வயதுக்குப் பின் பொதுவுக்குத் திரும்பலாம் என்றால், வழி ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

பிரிட்டனில் 1948 முதல் வரிப்பணத்தில் என்.எச்.எஸ். என்ற பொது மருத்துவச் சேவை நடக்கிறது. டாக்டரைப் பார்த்தால் பில் இல்லை; வரிசைதான் பெரிய குறை. 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கும் இலக்கை இங்கிலாந்து 2016-க்குப் பிறகு எட்டவில்லை. வரிசையைத் தாண்டத் தனியார் காப்பீடு எடுப்பவர்கள் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் நாள்பட்ட நோய்களை ஏற்பதில்லை. சர்க்கரை நோய்க்கு மறுபடி என்.எச்.எஸ். வாசல்தான்.

அமெரிக்காவில் 65 வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கு மேல் வேலை வழியாகத்தான் காப்பீடு பெறுகிறார்கள். வேலை போனால் கோப்ரா சட்டப்படி பொதுவாக 18 மாதம் அதையே தொடரலாம். ஆனால் நிறுவனம் கட்டிவந்த பங்கையும் நாமே கட்ட வேண்டும், அதுவும் சம்பளம் நின்ற நேரத்தில்!

தனியார் என்றாலே மோசம் என்று சொல்ல முடியாதபடி சுவிட்சர்லாந்து குறுக்கே நிற்கிறது. அங்கே அடிப்படைக் காப்பீட்டைத் தருபவை தனியார் காப்பீட்டு நிறுவனங்கள். ஆனால் 1996 முதல் யாரையும் நோயைக் காட்டி மறுக்கவோ, அதற்காகக் கூடுதலாகக் கேட்கவோ முடியாது. பிரீமியம் வருமானத்தைப் பார்ப்பதில்லை என்பதும், பெரியவர்கள் ஆண்டுதோறும் சிகிச்சைச் செலவில் முதலில் 300-லிருந்து 2,500 பிராங்க் வரை கைக்காசு போட வேண்டும் என்பதும் அதன் பாரம்.

பெரிய அறுவை சிகிச்சை எதுவும் எனக்கு நடந்ததில்லை. அதனால் மருத்துவமனைக் கவனிப்பில் எது மேல் என்று நான் சொல்வதற்கு எடை குறைவு. அப்புறம், ஜெர்மனியில் அரசு அதிகாரியாக இருப்பவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. சிகிச்சைச் செலவில் பாதியோ அதற்கு மேலோ அரசே தருவதால், மீதிக்கு மட்டும் தனியார் எடுப்பது அவர்களுக்குப் பெரும்பாலும் லாபம்.