ரெக் அணியா, டிராவல் அணியா? மகளின் சாஃப்ட்பால் பற்றி முடிவெடுக்கப்போகும் பெற்றோருக்கு

ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் ஃப்ரீமான்ட் பக்கம் டிராவல் அணிகளின், அதாவது ஆளைத் தேர்ந்தெடுத்து வெளியூர் டோர்னமென்ட்களுக்குப் போகும் அணிகளின், டிரைஅவுட் (ஆள் தேர்வு) தொடங்கிவிடும். வசந்த காலம் முழுக்க ரெக் எனப்படும் ஊர் லீகில் ஆடிய பெண்ணின் வீட்டுக்கு ஒரு கோச்சிடமிருந்து மெசேஜ் வரும்: ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டி வாருங்கள், பார்க்கலாம் என்று. அன்று இரவே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். இதே கேள்வியோடு எனக்கு போன் செய்த தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு இருக்கும். பேஸ்பாலைப் போன்ற, ஆனால் பெரிய பந்தைக் கீழ்க்கையாக வீசி ஆடும் இந்த சாஃப்ட்பால், நம்மில் பலருக்குக் கலிஃபோர்னியா வந்த பிறகு கண்ணில் பட்ட ஆட்டம். யாரிடம் கேட்பது என்றே தெரியாது. அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகள் 10 யூ பிரிவில் (பத்து வயதும் அதற்குக் கீழும்) இருந்தால் ரெக்கிலேயே இருக்கட்டும். 12 யூ வந்த பிறகு யோசிக்கலாம். அப்போதும் அணியின் பெயரையோ சீருடையையோ பார்க்காமல், ஒரு வாரத்தில் எத்தனை பந்து அவள் கைக்கு வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

ரெக் என்பது ஊர் லீக். லிட்டில் லீக் 1974இல் பெண் பிள்ளைகளுக்காக சாஃப்ட்பால் பிரிவைத் தொடங்கியது. அதன் கீழும் யூஎஸ்ஏ சாஃப்ட்பால் அமைப்பின் கீழும் ஊருக்கு ஊர் லீகுகள் இருக்கின்றன. பிப்ரவரியிலிருந்து மே வரை சீசன். வாரத்தில் ஒன்றோ இரண்டோ பயிற்சி, ஒன்றிரண்டு ஆட்டம். கோச் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் அப்பாவோ அம்மாவோதான், சம்பளம் கிடையாது. நாங்கள் கட்டியது சீசனுக்கு 200 டாலர் அளவில், சட்டையும் அதற்குள்ளேயே. வந்த பெண்கள் எல்லோரும் பேட் பிடிப்பார்கள், யாரையும் முழு ஆட்டமும் உட்கார வைக்க முடியாது. மைதானம் வீட்டிலிருந்து பத்து நிமிடம்.

இவ்வளவு நல்லது இருந்தும் ஏன் வெளியே பார்க்கிறார்கள் என்றால், பிட்சிங், அதாவது பந்துவீச்சுதான் காரணம். 10 யூவில் பிட்சர் நிற்கும் தூரம் 35 அடி, பந்தின் சுற்றளவு 11 அங்குலம். கையை முழு வட்டம் சுற்றி இடுப்பருகே விடுவிக்கும் விண்ட்மில் முறையை ஒன்பது வயதுப் பெண் கற்றுக்கொள்ள ஓராண்டாவது ஆகும். கற்றுக்கொள்ளும் வரை ஸ்டிரைக் விழாது, அதாவது அடிக்கக்கூடிய இடத்தில் பந்து வராது. அப்படித் தவறிய பந்து நான்கு வந்தால் அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போகலாம், அதுதான் வாக். ஒருத்திக்கு வாக், அடுத்தவளுக்கும் வாக் என்று இன்னிங்ஸ் நகரும். ஃபீல்டில் நிற்கும் பெண்கள் புல்லைக் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். ஒரு சனிக்கிழமை நானே எண்ணினேன். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்தில், என் மகள் நின்ற ரைட் ஃபீல்டுக்கு (களத்தின் வலது ஓரம்) வந்தது ஒரே ஒரு பந்து. காரில் ஏறியதும், "அப்பா, எனக்குப் பந்தே வரலப்பா" என்றாள். டிராவல் பற்றி நாங்கள் யோசிக்கத் தொடங்கியது அந்த ஒரு வார்த்தையால்தான்.

டிராவல் அணியில் அந்தக் குறை பெரும்பாலும் இல்லை. பிட்சர்கள் தனி வகுப்புக்குப் போகிறவர்கள், ஸ்டிரைக் விழும். ஸ்டிரைக் விழுந்தால் பேட்டில் பந்து படும், பட்டால் எல்லோருக்கும் வேலை இருக்கும். பன்ட் (பந்தை மெல்லத் தட்டிவிடுவது), பேஸ் திருடுவது (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடுவது), மூன்றாவது ஸ்டிரைக்கை கேட்சர் நழுவவிட்டால் ஓடுவது என்று ஆட்டத்தின் முழு விதிகளும் அங்கே உயிரோடு இருக்கும். சனிக்கிழமை பூல் (குழு) ஆட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை தோற்றால் வெளியேறும் பிராக்கெட். ஒரு வார இறுதியிலேயே நான்கைந்து ஆட்டம் வந்துவிடும். ரெக்கில் ஒரு மாதத்தில் ஆடுவதை இங்கே இரண்டு நாளில் ஆடிவிடுவார்கள்.

ஆனால் அந்தப் பந்துகள் உங்கள் மகளுக்கு வருமா என்பது தனிக் கேள்வி. இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பதினோரு வயதில் அவளை ஒரு பெயர் பெற்ற அணியில் சேர்த்தோம். பதின்மூன்று பெண்கள், களத்தில் இடமோ ஒன்பது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு இரண்டு இன்னிங்ஸ் ஆடுவாள். ஞாயிற்றுக்கிழமை தோற்றால் வெளியே என்பதால் பெஞ்ச்தான். மூன்று மாதம் பார்த்தோம். நன்றாகத் தூங்குகிற பிள்ளை, சனிக்கிழமை காலை வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். சீசன் முடிந்ததும் அதைவிட ஒரு படி கீழே, பி நிலை ஆட்டங்களில் கலந்துகொள்ளும் சிறிய அணிக்கு மாற்றினோம். பதினோரு பேர்தான். அங்கே ஏறக்குறைய எல்லா இன்னிங்ஸும் செகண்ட் பேஸ், அதாவது நடுக்களம். இரண்டே மாதத்தில் அவள் பந்தை எடுத்து எறியும் வேகம் மாறியதை என் கண்ணால் பார்த்தேன். பெரிய அணியின் பெஞ்சைவிட ரெக்கின் நடுக்களம் மேல், ரெக்கின் ரைட் ஃபீல்டைவிடச் சிறிய டிராவல் அணியின் நடுக்களம் மேல். என் அனுபவத்தில் வரிசை இதுதான்.

செலவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். டிராவலுக்கு அணிக் கட்டணமாக நாங்கள் ஓராண்டில் 2,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே கட்டினோம். சீருடை, 300 டாலர் பேட், பிட்சராக ஆசைப்பட்டால் அரை மணி நேர வகுப்புகள், இவையெல்லாம் தனி. தொலைதூர டோர்னமென்ட் சிலவற்றில், நடத்துகிறவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. கட்டணத்தைக் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.

பணத்தைவிடப் பெரிய செலவு வார இறுதி. ஐந்து மணிக்கு எழுந்து, ஆல்டமான்ட் கணவாயின் காற்றாலைகளைத் தாண்டி, டோர்னமென்ட் நடக்கும் மன்டீக்கா ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், ஜூலையில் நூறு டிகிரி வெயில். கூடாரம் அடித்து, ஐஸ் பெட்டியில் தயிர்சாதமும் தர்பூசணியும் வைத்துக்கொண்டு மாலை வரை அங்கேயேதான். ரோஸ்வில் என்றால் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல். எனக்கு அந்த நாட்கள் பிடிக்கும். ஆனால் என் மகனுக்கு அப்போது ஆறு வயது, அவனுக்கு அது நியாயமான வாழ்க்கை இல்லை. அப்புறம் தமிழ்ப் பள்ளி. பிராக்கெட்டில் ஜெயித்துக்கொண்டே போனால் ஞாயிறு வகுப்பு போய்விடும். அந்த ஆண்டு அவள் தவறவிட்ட வகுப்புகள் ஒன்பது. பரதம், பாட்டு என்று மகளுக்கு வேறு உயிரான விஷயம் ஏதாவது இருந்தால், டிராவல் அதை மெதுவாகத் தின்றுவிடும். முடிவெடுக்கும் நாளிலேயே அதை மேசையில் வையுங்கள்.

கல்லூரி உதவித்தொகை கிடைக்குமே என்று பலர் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். நீண்ட காலம், கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1இல் ஒரு சாஃப்ட்பால் அணிக்கு இருந்தது 12 முழு உதவித்தொகை. அதை அணியில் இருந்தவர்கள் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இப்போது அந்த உச்சவரம்பு போய், அணிக்கு இத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. அதனால் எல்லோருக்கும் முழுத்தொகை என்று ஆகிவிடவில்லை. நம் வீடுகளில் ஆசைப்படும் ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தருவதில்லை, டிவிஷன் 3உம் அப்படித்தான். இன்னொன்று, 2018இல் வந்த விதிப்படி, 11ஆம் வகுப்பின் செப்டம்பர் 1க்கு முன்னால் டிவிஷன் 1 கோச் ஒரு பெண்ணோடு அணியில் சேர்ப்பது பற்றிப் பேசக் கூடாது. ஒன்பது வயதில் அவசரப்படுவதற்கு இதில் ஒரு காரணமும் இல்லை. கல்லூரியில் ஆட உண்மையிலேயே ஆசையிருந்தால் டிராவல் தேவைதான். அது 14 யூ, 16 யூவில் வரும் தேவை.

உடம்பையும் யோசிக்க வேண்டும். விண்ட்மில் வீச்சு தோளுக்கு இயல்பானது, எவ்வளவு வீசினாலும் வலிக்காது என்று மைதானத்தில் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள், தோளில் அது ஏற்றும் சுமை சின்னதல்ல. பேஸ்பால் பையன்களுக்கு இத்தனை பந்துதான் வீசலாம் என்று கணக்கு இருக்கிறது. பெண்களின் டோர்னமென்ட் பலவற்றில் அப்படி எதுவும் கிடையாது. இரண்டே பிட்சர்கள் உள்ள அணியில் ஞாயிறு மாலை அந்தக் குழந்தையின் நிலையைப் பாருங்கள். 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதைத் தள்ளிப்போடச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். ஆண்டில் இரண்டு மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து ஓய்வும் வேண்டும் என்கிறது. ரெக்கில் அந்த ஓய்வு தானாகவே கிடைக்கிறது. டிராவலில் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. ரெக் சீசன் முடிந்ததும் லீகிலிருந்து நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கி ஆல்ஸ்டார் அணி அமைப்பார்கள். ஜூன், ஜூலையில் பக்கத்து ஊர் அணிகளோடு டோர்னமென்ட் நடக்கும். நல்ல பிட்சிங்கைப் பார்க்கலாம், ஞாயிறு பிராக்கெட்டின் பதற்றத்தையும் பார்க்கலாம், கட்டணமும் குறைவு. ஆறு வாரத்தில் முடிந்துவிடும். அது முடியும்போது மகள் "இன்னும் ஆடணும்" என்கிறாளா, "அப்பாடா" என்கிறாளா என்று பார்த்தால் பாதி பதில் வந்துவிடும். 12 யூவில் தூரம் 40 அடியாகும், பந்தும் கல்லூரியில் ஆடும் அதே 12 அங்குலமாகும். அந்த மாற்றத்தை ஒரு சீசன் ரெக்கிலேயே பழகிவிட்டு மேலே போவது நல்லது.

இதையும் சொல்லாமல் விட மனமில்லை. ஸ்டிரைக் போடத் தெரிந்த நான்கு பெண்கள் ஒரே ஆண்டில் டிராவலுக்குப் போனால், ஊர் லீகின் ஆட்டம் மறுபடி வாக் மயமாகிவிடும். மீதிப் பெண்களும் சலித்துப் போய்விடுவார்கள். எங்கள் லீகில் அது நடந்ததைப் பார்த்து வருந்தினேன். வசந்த காலத்தில் இரண்டிலும் ஆட அனுமதிக்கும் டிராவல் கோச்சுகள் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். என் மகள் ஒரு சீசன் அப்படி ஆடினாள். ரெக் அணியில் அவள்தான் பிட்சர். மற்ற எட்டுப் பேருக்கும் பந்து வந்தது.

டிரைஅவுட்டுக்குப் போகும் முன், அந்த அணி ஆடும் டோர்னமென்ட் ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமை சும்மா போய் உட்காருங்கள். எத்தனை பெண்கள், எத்தனை பிட்சர்கள் என்று எண்ணுங்கள். பிறகு களத்தை விட்டுவிட்டு பெஞ்சைப் பாருங்கள். ஒரு ரன்னில் பின்தங்கியிருக்கும்போது கோச் பெஞ்சிலிருந்து யாரையாவது உள்ளே அனுப்புகிறாரா, தவறவிட்டு வரும் பெண்ணிடம் என்ன சொல்கிறார், உட்கார்ந்திருப்பவர்கள் சேர்ந்து கத்துகிறார்களா, தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா. முதல் மாதங்களில் உங்கள் மகள் உட்காரப்போகும் இடம் அது.