மலைமேல் ஒரு கூட்டு மருந்து மையம்: நிறையும் குறையும்

நீலகிரியில், அரசு மருத்துவமனை ஒன்றின் வளாகத்தில் இயங்கும் கூட்டு மருந்து சிகிச்சை மையத்தைப் பற்றிய மதிப்பீடு இது. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவன் என்ற முறையில் சில ஆண்டுகளாக அங்கேதான் மாத்திரை வாங்கி வருகிறேன். அதற்கு முன் சமவெளியில் வேறொரு மையத்தில் பதிவு வைத்திருந்தேன் என்பதால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது. மருந்து இரண்டு இடங்களிலும் ஒன்றுதான்: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு வேளை, இலவசம். வேறுபாடு முழுவதும் ஆலோசனை அறையில்தான் இருக்கிறது.

இரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று முடிவு வந்தவுடன் எவருக்கும் எழும் கேள்வி, இனியும் எதற்கு மாத்திரை என்பதே. சமவெளியில் எனக்குக் கிடைத்த பதில், “நிறுத்தினால் திரும்ப வந்துவிடும், நிறுத்தாதீர்கள்” என்ற ஒற்றை வரியோடு முடிந்தது. இங்குள்ள ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, செல்லுக்கு ஒரு பெரிய வட்டம், உட்கருவுக்கு ஒரு சிறிய வட்டம் என்று வரையத் தொடங்குகிறார்.

அவர் விளக்குவதன் சாரம் இதுதான். புதிய செல்லுக்குள் நுழையும் வைரஸ், தன் மரபுப் பொருளை டி.என்.ஏ.வாக மாற்றி அந்தச் செல்லின் குரோமோசோமில் சேர்ப்பதை மாத்திரை தடுக்கிறது. ஏற்கெனவே சேர்ந்துவிட்டதை அது தொடுவதில்லை. அப்படிச் சேர்ந்த வைரஸ், எச்.ஐ.வி. தாக்கும் வெள்ளணு வகையான சிடி4 செல்லின் சொந்த மரபணுக்களுள் ஒன்றைப் போலவே ஆகிவிடுகிறது. அத்தகைய செல்களில் சில, முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்களாகி ஓய்வுக்குப் போகின்றன. ஓய்வுநிலைச் செல், தனக்கு அப்போது வேண்டாத மரபணுக்களை மூடிவைக்கும் இயல்புடையது, டி.என்.ஏ. இழையை ஹிஸ்டோன் புரதங்களின் மேல் இறுக்கிச் சுற்றி, அவற்றின் பிடியைத் தளர்த்தி வைக்கும் அசிட்டைல் என்ற வேதிக் குறிகளை நீக்கி, மரபணுவைப் படியெடுக்கும் (அதாவது, அதன் ஆர்.என்.ஏ. நகலை உண்டாக்கும்) நொதி அணுக முடியாதபடி செய்துவிடுகிறது. அந்த மூடலுக்குள் வைரஸின் மரபணுவும் அகப்பட்டுக்கொள்கிறது. அதைத் தூண்டக்கூடிய என்.எஃப். கப்பா பி போன்ற புரதங்களோ, ஓய்வுநிலையில் உட்கருவுக்கு வெளியே கட்டுண்டு கிடக்கின்றன. தப்பித்தவறிப் படியெடுப்பு தொடங்கினாலும் சிறிது தூரத்திலேயே நின்றுபோகிறது. அதை முழு நீளத்துக்கும் ஓட்டுவதற்கு வைரஸின் ‘டாட்’ என்னும் புரதம் வேண்டும், அந்தப் புரதம் உண்டாவதற்கோ முதலில் படியெடுப்பு நடந்தாக வேண்டும். புரதம் எதையும் வெளிக்காட்டாத இந்தச் செல்லை நோய் எதிர்ப்பு மண்டலத்தாலும் இனங்காண முடிவதில்லை.

சில நாள்களில் எங்களைக் குழுவாக உட்காரவைத்தும் பேசுவார். அப்படி ஒரு நாள், கேத்தி பக்கத்து விவசாயி ஒருவர், “அப்ப விதைக் கிழங்கு மாதிரிங்களா மேடம்? கண்ணு மூடிக் கிடக்கும், எப்ப முளை விடும்னு சொல்ல முடியாது” என்றார். “கிட்டத்தட்ட அப்படித்தாங்கண்ணா. ஆனா கிழங்கைப் பொறுக்கி வெளியே போட்டுடலாம், இதைப் பொறுக்க முடியாது” என்பது அவருடைய பதில். உண்மையும் அதுவே. ஓய்வுநிலைச் செல்கள் பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒன்றில்தான் மீண்டும் பெருகக்கூடிய வைரஸ் ஒளிந்திருக்கிறது. அந்த இருப்பு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 44 மாதங்கள் ஆகும் என்றும், மாத்திரையை மட்டுமே நம்பி அதை அடியோடு ஒழிக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வேறொரு தொற்றினாலோ வேறு தூண்டுதலாலோ செல் விழித்துக்கொண்டால் வைரஸும் வெளிவரும். இரத்தத்தில் மருந்து இருந்தால் அது அடுத்த செல்லுக்குப் பரவ வழியில்லை, மருந்து இல்லையென்றால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே எண்ணிக்கை ஏறிவிடும்.

குணப்படுத்தும் முயற்சிகளைப் பற்றிக் கேட்டாலும் அவர் மழுப்புவதில்லை. இந்த மையத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவது இதற்காகவே. வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்து, ஹிஸ்டோன்களின் அசிட்டைல் குறிகள் நீக்கப்படுவதைத் தடுத்து, ஒளிந்திருக்கும் வைரஸைப் படியெடுக்கத் தூண்டுகிறது என்று 2012இல் நோயாளிகளிடமே காட்டப்பட்டது. எழுப்பிவிட்டு அழிப்பது என்ற அந்த வழியில் எழுப்புவது ஓரளவு கைகூடியது, ஆனால் எழுந்த செல்கள் சாகவில்லை, ஒளிந்திருந்த இருப்பும் குறிப்பிடும்படி குறையவில்லை. செல்லுக்குச் செல் வைரஸ் குரோமோசோமின் வெவ்வேறு இடங்களில் புகுந்திருப்பதால் மூடலின் தன்மையும் மாறுபடுகிறது. எல்லாவற்றையும் ஒரே மருந்தால் திறக்க முடிவதில்லை. இதற்கு நேரெதிராக, என்றைக்கும் திறக்காதபடி நிரந்தரமாக மூடிவிட முடியுமா என்று முயல்பவர்களும் உண்டு. சிகிச்சையை மிகச் சீக்கிரம் தொடங்கியும் பலிக்காத கதையையும் அவர் சொல்வார்: 2010இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் தொற்றுடன் பிறந்த ஒரு குழந்தைக்கு, பிறந்து முப்பது மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கி, சுமார் ஒன்றரை வயதில் அது நின்றுபோனது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைரஸ் தென்படாமல் இருந்து, 2014இல் திரும்பியது. பெர்லின் நோயாளி எனப்பட்ட டிமோத்தி ரே பிரவுன் குணமானது உண்மைதான். ஆனால் அது இரத்தப் புற்றுநோய்க்காக, எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையும் வாயிலை அடைக்கும் சிசிஆர்5 மரபணு மாற்றம் கொண்ட கொடையாளரின் எலும்பு மஜ்ஜையைப் பொருத்தியதால் கிடைத்தது. உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையை எல்லோருக்கும் செய்ய இயலாது.

இந்த நேர்மைக்கு மலையில் தேவை அதிகம். ‘எய்ட்ஸ் முற்றிலும் குணம்’ என்று லேகியம் விற்கும் வைத்தியசாலை ஒன்றில் பெருந்தொகை கொடுத்து ஏமாந்து, மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவர்களை இந்த மையத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் திட்டுவதில்லை. மீண்டும் இரத்தம் எடுத்து, மீண்டும் தாளை எடுத்து வட்டம் வரைகிறார்கள்.

மருந்து தரும் இடத்தில் பெயர் சொல்லி அழைக்காமல் டோக்கன் எண்ணைச் சொல்வது நல்ல வழக்கம். எஸ்டேட் லைன் வீடுகளில் சுவருக்குச் சுவர் பேச்சு கேட்கும் என்பதால், டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, குலுங்கும் சத்தம் வராமல் மூடிக்கு அடியில் பஞ்சு திணித்துக்கொண்டு போகும் பெண்களுக்கு, ஊழியர்கள் தாமே பஞ்சு எடுத்துக் கொடுக்கிறார்கள். நிலையாக மருந்து உட்கொள்பவர்களுக்குப் பல மாதங்களுக்குச் சேர்த்தும் தருகிறார்கள். கூடலூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள், மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபடும் முன்பே இதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

குறைகளும் உண்டு. வைரல் லோடு மாதிரி மலைக்குக் கீழே போய் வரவேண்டியிருப்பதால் முடிவு தாமதமாகிறது. சில வேளை அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போதுதான் தெரிகிறது. காத்திருக்கும் பெஞ்சில் பாதி கூரைக்கு வெளியே இருப்பதால், சாரல் அடிக்கும் மாதங்களில் எல்லோரும் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது. சுவரிலுள்ள படமோ, வைரஸ் செல்லுக்குள் புகுந்து பெருகி வெளிவருவதோடு நின்றுவிடுகிறது. புகுந்தபின் பெருகாமல் கிடப்பதைப் பற்றி அதில் ஒரு கோடுகூட இல்லை. மாத்திரையை ஏன் விடக்கூடாது என்பதற்கான காரணமே அந்த விடுபட்ட பகுதிதான்.

காலையில் சீக்கிரம் போனால் ஆலோசகருக்கு நேரம் இருக்கும். கூட்டம் மிகுந்த நாள்களில் கேட்காதவர்களுக்கு அந்த விளக்கம் விட்டுப்போகிறது என்பதால், முதன்முறை செல்பவர்கள் தாளில் வரைந்து காட்டும்படி தாங்களே கேட்டுப் பெறுவது நல்லது.