இஎஸ்லின்ட் ஃப்ளாட் கன்ஃபிக்: எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் ஒரே விதிப்புத்தகம்

கும்பகோணத்தில் நாங்கள் எழுதிக்கொடுப்பதெல்லாம் சின்னச் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் வேலைகள். பாத்திரக்கடைக்கு பில்லிங், நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைக்கு ஆன்லைன் கடை, மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு எடைக்கணக்கு. ஒவ்வொன்றும் தனி ரெப்போ (கோடு வைக்கும் களஞ்சியம்). கோடை ஓட்டாமலே அதிலுள்ள தவறுகளைக் காட்டும் கருவி இஎஸ்லின்ட்; அதற்கு நாங்கள் கொடுக்கும் லின்ட் விதிகள் மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காப்பியடித்தவை. இப்போது அவற்றை ஒரே பேக்கேஜாக்கிவிட்டோம்.

பழைய முறையிலும் விதிகளைப் பகிரலாம்தான். ஆனால் அந்த விதிகளுக்கு வேண்டிய பிளகின்களை (கூடுதல் விதிகள் தரும் துணைப் பேக்கேஜ்களை) ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். வெர்ஷன் பொருந்தாவிட்டால் பியர் டிபென்டென்சி (கூடவே இருக்க வேண்டிய பேக்கேஜ்) சரியில்லை என்று, பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் என்பிஎம் கத்தும். 2024 ஏப்ரலில் வந்த இஎஸ்லின்ட் 9ஆம் பதிப்பில் ஃப்ளாட் கன்ஃபிக் என்ற புதிய அமைப்பு முறைதான் இயல்புநிலை. அது வெறும் ஜாவாஸ்கிரிப்ட் அர்ரே. பிளகினை எங்கள் பேக்கேஜே இம்போர்ட் செய்து கையோடு கொண்டுவருகிறது. என்பிஎம்மில் பப்ளிஷ்கூடச் செய்யவில்லை. ரெப்போவின் கிட் முகவரியை, வெர்ஷனைக் குறிக்கும் டேக் (tag) சேர்த்துக் கொடுத்தால் போதும்.

பலன் ரைஸ் மில் கணக்கில் நன்றாகவே தெரிகிறது. மூட்டை எண்ணிக்கையை நிரப்பாமல் விட்டால், இரட்டைச் சமக்குறி அந்தக் காலி ஸ்ட்ரிங்கை 0 என்றே எடுத்துக்கொள்ளும். இன்னும் எண்ணாத வண்டியும் மூட்டையே இல்லாத வண்டியும் ஒன்றாகிவிடும். குறுவை அறுப்பு நேரத்தில் மில்காரரிடம் இதை விளக்கிக்கொண்டு நிற்க முடியுமா? மூன்று சமக்குறி கட்டாயம் என்ற விதி இப்போது எல்லா ரெப்போவிலும் எர்ரராகவே விழுகிறது. இடைவெளி, மேற்கோள்குறிச் சண்டையெல்லாம் கோடை அழகாக அடுக்கும் பிரெட்டியர் கருவியிடம் விட்டாச்சு.

எரிச்சல் தருவது, லின்ட் செய்ய வேண்டாத ஃபைல்களைச் சொல்லும் 'இக்னோர்ஸ்'. அது தனி ஆப்ஜெக்ட்டாக இருந்தால் ப்ராஜெக்ட் முழுக்கச் செல்லும். பக்கத்தில் 'ரூல்ஸ்' என்று ஒன்றைச் சேர்த்தால் அந்த ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும்தான். புதுப் பையன் யார் வந்தாலும் இங்கே தடுக்கி விழுகிறான், "அண்ணா, டிஸ்ட் ஃபோல்டரையும் ஏன் லின்ட் பண்ணுது?" என்று. (டிஸ்ட் என்பது பில்டு உருவாக்கிய ஃபைல்கள் இருக்கும் இடம்.) எந்த ஃபைலுக்கு எந்த விதி என்று காட்ட கன்ஃபிக் இன்ஸ்பெக்டர் இருக்கிறது, நல்ல கருவி. இருந்தாலும் ஒரே சொல்லுக்கு இரண்டு குணம் எதற்கு?

இன்னொன்று: புதிதாக ஒரு விதியை எர்ரராகச் சேர்த்தால் பேக்கேஜின் மேஜர் வெர்ஷனை (வெர்ஷனின் முதல் எண்ணை) ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பில்டு திடீரென்று நிற்கும், திட்டு உங்களுக்குத்தான்.

ஒரே ஒரு ரெப்போ வைத்திருப்பவருக்கு இத்தனை ஏற்பாடு வீண். மூன்று நான்கு கடைக்காரர்களுக்கு எழுதுகிறவர்கள் தாராளமாக மாறலாம்.