பின்னின் வேலையை மாற்ற எது கைகொடுக்கும்: ரெஜிஸ்டரா, ஓவர்லேயா, பின்மக்ஸ்-செலக்டா?

மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டம் அளக்க, பீகிள்போன் பிளாக் என்ற சிறு லினக்ஸ் கணினிப் பலகையில் ஒரு சீரியல் சென்சரைப் பூட்டுவதாக வைத்துக்கொள்வோம். பி9 வரிசையில் 24, 26 ஆகிய பின்கள் யூஆர்ட்1 என்ற சீரியல் போர்ட். அதே 24ஆம் பின் ஐ2சி, கான் பஸ் ஆகிய தொடர்புத் தடங்களுக்கும், ஜிபிஐஓ எனும் பொது உள்ளீடு-வெளியீட்டுக்கும் போகும். மேசையில் சோதிக்கும்போது பின்னின் வேலையை எப்படி மாற்றுவது?

டெவ்மெம்2 என்ற கருவி கொண்டு, பின்னின் வேலையைத் தீர்மானிக்கும் ரெஜிஸ்டரில் நேரே எழுதுவது இந்தச் சிப்பில் பலிக்காது. ஏஎம்335எக்ஸ் என்ற இந்தச் சிப்பின் பின் ரெஜிஸ்டர்கள், லினக்ஸின் மையமான கேர்னல் எழுதினால்தான் ஏற்கும். பிழைச்செய்தி வராது, மதிப்பும் மாறாது. அரை நாள் வீணாகும்.

டிவைஸ் ட்ரீ (பலகையின் வன்பொருளைக் கேர்னலுக்குச் சொல்லும் விவரம்) மேல் திருத்தமாகப் போடும் ஓவர்லேதான் களத்துக்குப் போகும் பலகைக்கு உரியது. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கம்பைல், ரீபூட். பெறும் பின்னுக்கு, உள்ளீட்டை இயக்கும் 5ஆம் பிட்டை மறந்தால் அனுப்புவது நடக்கும், பெறுவது நடக்காது, அந்தப் பின்னின் மதிப்பாக 0எக்ஸ்30 போடுங்கள்.

ஓடும்போதே பின்னை மாற்றும் கான்ஃபிக்-பின் என்ற கட்டளை வேகமானது. ஆனால் அதன் உதவி டிரைவர் மூலக் கேர்னலில் இல்லை. பின்னை அதுவே பிடித்து வைத்திருப்பதால், யூஆர்ட் டிரைவரும் அதே பின்னைத் தன் நோடில் (டிவைஸ் ட்ரீயில் தனக்குரிய பகுதியில்) கேட்டால் மோதல்தான்.

லினக்ஸ் 5.13இல் வந்த பின்மக்ஸ்-செலக்ட், சோதனைக்கு என் தேர்வு. டிபக்எஃப்எஸ் எனும், கேர்னலின் பிழைதேடலுக்கான கோப்பு அமைப்பில், பின்கண்ட்ரோலர் கோப்புறைக்குள் இருக்கும் ஒரு கோப்பு அது. அதில் பின்களின் குழுப் பெயர், இடைவெளி, ஃபங்க்‌ஷன் (வேலை) பெயர் என எழுதினால் போதும். எண்ணுக்குப் பதில் பெயர் கேட்பது நல்ல வடிவமைப்பு: தவறான பெயரைக் கேர்னல் அப்போதே மறுத்துவிடும். டிபக்எஃப்எஸ்ஸில் வைத்ததும் சரியே, பின்னாளில் மாற்றினால் எந்த மென்பொருளுக்கும் கொடுத்த வாக்கு மீறப்படாது.

இரண்டு இடங்களில் இடறும். 'சூடோ எக்கோ' என எழுதி, '>' குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும், ஏனெனில் கோப்பைத் திறப்பது சூடோவின் உரிமை இல்லாத உங்கள் ஷெல். 'சூடோ டீ' வழியாக அனுப்புங்கள். அடுத்தது, இந்தப் பலகையின் பின்கண்ட்ரோல்-சிங்கிள் டிரைவரில் குழு, ஃபங்க்‌ஷன் இரண்டுக்கும் நோட் பெயர்தான். எந்தச் சாதனமும் சுட்டாத நோட், பின்மக்ஸ்-ஃபங்க்‌ஷன்ஸ் பட்டியலிலேயே வராது.

இதன் உண்மையான குறை வேறு: பின் யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமலே மாற்றிவிடுகிறது. பின்களின் உரிமையாளர்களைக் காட்டும் பின்மக்ஸ்-பின்ஸ் கோப்பும் பழைய உரிமையாளரையே காட்டும். சென்சர் ஓட்டிக்கொண்டிருக்கும் 26ஆம் பின், வெளியீடாக வைத்த ஜிபிஐஓவாக மாறினால் இரு பக்கமும் ஒரே கம்பியை இழுக்கும், பின் எரியலாம். எழுதும் முன் சென்சர் கம்பியைக் கழற்றுங்கள். 5 வோல்ட் சென்சர் என்றால் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் பிரிப்பான் போட்டு 3.3 வோல்ட்டுக்கு இறக்கிய பிறகே மீண்டும் மாட்டலாம்.