ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 சினாரியோ எடிட்டர்: 1587இன் கொழும்பு முற்றுகையைக் கட்டிப் பார்த்து எழுதிய மதிப்பீடு

1999ஆம் ஆண்டு என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’ என்னும் உத்தி விளையாட்டு இன்றளவும் விரும்பி விளையாடப்படுவதற்கு, அதனுடன் சேர்ந்தே வந்த சினாரியோ எடிட்டர் (வரைபடத்தையும் போர்க்களத்தையும் நிகழ்வுகளையும் நாமே அமைத்து விளையாட உதவும் கருவி) முக்கியமான காரணம் என்பது என் உறுதியான எண்ணம். 2019 நவம்பரில் வெளியான டெஃபினிட்டிவ் பதிப்பில் அந்த எடிட்டர் பெரிதும் விரிவடைந்திருக்கிறது. வழக்கமான போட்டி ஆட்டங்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம் என்பதால், இங்கே எடிட்டரையும் அதில் உருவாகும் சினாரியோக்களையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

இத்தகைய கருவியை மதிப்பிட, நமக்கு நன்கு தெரிந்த ஒன்றை அதில் செய்து பார்ப்பதே சரியான வழி. கொழும்பில் வசிக்கும் எனக்கு, 1587இல் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்ட நிகழ்வைவிடப் பொருத்தமானது வேறு தோன்றவில்லை. கோட்டைக்குள் போர்த்துக்கேயர் இருந்தனர். இன்று பேர வாவி இருக்கும் பக்கத்தில் பரந்திருந்த நீர்ப்பரப்பு தரைவழித் தாக்குதலிலிருந்து அவர்களைக் காத்தது. அந்த நீரை வடித்துவிட மன்னனின் ஆட்கள் கால்வாய் வெட்டினர். ஆனால் கடல்வழி திறந்தே கிடந்ததால் இந்தியக் கரையிலிருந்து உதவி வந்துகொண்டேயிருந்தது. அதைத் தடுக்கப் போதிய கடற்படை இல்லாத மன்னன் 1588இல் முற்றுகையைக் கைவிட நேர்ந்தது. கொரியக் கரையில் நடந்த 1598ஆம் ஆண்டின் நோரியாங் கடற்போரையே விளையாட்டு தன் சினாரியோக்களுள் ஒன்றாக வைத்திருப்பதால், இந்தக் காலப்பகுதி அதற்குப் புறம்பானதும் அல்ல.

நிலத்தை வரைவது எளிது. பக்கத்துக்கு 120 கட்டங்கள் கொண்ட சிறிய வரைபடத்திலிருந்து 480 கட்டங்கள் கொண்ட மிகப் பெரியது வரை தெரிவு செய்யலாம்; என் தேவைக்கு 200 போதுமானதாக இருந்தது. மேற்கே கடல், வடக்கே களனி கங்கை, நடுவே கோட்டை மதில், அதன் பின்னால் வாவி என்று தூரிகையால் தீட்டுவதுபோல் நிலத்தை நிரப்பிக்கொண்டு போகலாம். எட்டு தரப்பினர் வரை சேர்த்து, ஒவ்வொருவருக்கும் தொடக்க வளங்களையும் பகை நட்பையும் தனித்தனியே வகுக்கலாம். குறிப்பிட்ட ஒரு தரப்புக்கு எந்தப் படைகள், எந்தக் கட்டடங்கள் கிடைக்கக் கூடாது என்றும் விலக்கி வைக்கலாம். இராஜசிங்கனுக்குத் துறைமுகத்தை விலக்கிய அந்த ஒரே தெரிவிலேயே முற்றுகையின் பாதி வரலாறு அடங்கிவிட்டது.

எடிட்டரின் உயிர் ட்ரிகரில்தான் இருக்கிறது. இன்ன நிபந்தனை நிறைவேறினால் இன்ன விளைவு நிகழட்டும் என்பதே அதன் இலக்கணம். வாவியை வடிக்கும் கட்டத்தை நான் இப்படி அமைத்தேன்: வாவியின் குறுக்கே ஆழமற்ற நீரால் ஒரு பாதையை முன்கூட்டியே தீட்டி, அதைப் பாறைகளால் அடைத்து வைத்தேன். கால்வாய் வெட்டும் இடத்தில் குறித்த எண்ணிக்கையிலான குடியானவர்கள் நிற்கிறார்களா என்பது முதல் நிபந்தனை. அது நிறைவேறியதும் ஒரு நேரக்கணிப்பான் தொடங்குகிறது; அது முடியும் வேளையில் பாறைகள் நீங்கி, யானைகள் இறங்கிக் கடக்கும் அளவுக்குப் பாதை திறந்துவிடுகிறது. அதற்குள் போர்த்துக்கேயர் கோட்டையை விட்டு வெளியே பாய்ந்து கால்வாய்க் கூலிகளைத் தாக்குவார்கள் என்பதால், விளையாடுபவர் மதிலைத் தாக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு மண்வெட்டி பிடித்தவர்களைக் காக்கப் படையைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அந்த இக்கட்டைத்தான் நான் விளையாடுபவருக்குக் கொடுக்க விரும்பினேன். எடிட்டர் அதற்குத் தடையேதும் இல்லாமல் இடம் கொடுத்தது.

நேரக்கணிப்பானைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. அது விளையாட்டின் நொடிகளையே எண்ணுகிறது. வேகம் 1.7 மடங்கில் இருக்கும்போது 600 நொடி என்று குறித்தால், நம் கைக்கடிகாரத்தில் ஆறு நிமிடம் ஆவதற்குச் சற்று முன்னரே அது முடிந்துவிடும். கடலில் உதவிக் கப்பல்கள் தோன்றும் இடைவெளியை இதைக் கணக்கிட்டே வகுக்க வேண்டும்; இல்லையேல் விளையாடுபவர் மூச்சு விடுவதற்குள் அடுத்த கப்பல் வந்து நிற்கும்.

முற்றுகையைத் தளர்த்தும் நோக்குடன் போர்த்துக்கேயர் 1588இல் தென்கரையைச் சூறையாடினார்கள். தேவேந்திரமுனையில் புகழுடன் நின்ற தென்னாவரம் கோயில் அந்தப் படையெடுப்பில்தான் அழிந்தது. தமிழ் வாசகருக்கு மனத்தைத் தைக்கும் இந்த நிகழ்வை நான் காட்சியாக மட்டும் வைக்கவில்லை. கோயிலைக் காக்க ஒரு படைப்பிரிவை அனுப்புவதா, கொழும்பிலேயே அழுத்தத்தைத் தொடர்வதா என்ற முடிவை விளையாடுபவரிடம் விட்டிருக்கிறேன். ‘அல்லது’ என்று இரண்டு நிபந்தனைகளை ஒரே ட்ரிகருக்குள் இணைக்கும் வசதி இப்பதிப்பில் இருப்பதால், முன்னர் இரண்டு மூன்று ட்ரிகர்களால் சுற்றிவளைத்துச் செய்ய வேண்டியதை இப்போது ஒன்றிலேயே முடிக்கலாம். இதற்கு மேலும் போக விரும்புவோருக்கு எக்ஸ்எஸ் என்னும் நிரல்மொழியும் உண்டு. ஆனால் அது இல்லாமலே சிறந்த சினாரியோ ஒன்றைச் செய்து முடிக்கலாம்.

தரப்புகளைத் தெரிவு செய்யும் இடத்தில்தான் எனக்கு மனநிறைவு குறைந்தது. 2015இல் சேர்க்கப்பட்ட போர்த்துக்கேயர் இந்தச் சினாரியோவுக்கென்றே செய்தவர்கள்போல், பல குழாய்த் துப்பாக்கி வண்டியோடும் கரவேல் கப்பலோடும் வருகிறார்கள். 2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா’ தொகுப்பு திராவிடர், வங்காளர், கூர்ஜரர் ஆகியோரைத் தந்தது. இராஜேந்திர சோழனின் படையெடுப்பும் அதில்தான் உள்ளது. திராவிடரின் குடியானவர்கள் தமிழில் மறுமொழி சொல்வதைக் கேட்கும்போது ஏற்படும் மகிழ்ச்சியை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் இலங்கையின் சிங்கள அரசுகளுக்கென்று ஒரு தரப்பு இல்லை. யானைப் படையும் வலுவான காலாட்படையும் தேவைப்பட்டதால் சீதாவாக்கைக்கும் திராவிடரையே வைத்தேன். அதனால் இராஜசிங்கனின் வீரர்கள் அனைவரும் தமிழில் பேசுகிறார்கள். பெயர்களை ட்ரிகர் மூலம் மாற்ற முடிகிறது என்பது ஓரளவு ஆறுதல்.

குறைகள் வேறு சிலவும் உள்ளன. ட்ரிகர்த் திரை நெரிசலானது; நூறு ட்ரிகர்களைத் தாண்டியதும், ஒழுங்காகப் பெயரிட்டு வைக்காதவர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. புதியவருக்கு வழிகாட்டும் பாடம் எடிட்டருக்குள் போதிய அளவில் இல்லை. இடைமுகம் இந்தியிலும் மலாயிலும் கிடைக்கும்போது, தமிழ் பேசும் படையை உள்ளே வைத்திருக்கும் விளையாட்டு தமிழில் கிடைக்காதது வருத்தத்துக்குரியது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளரும் பத்து வயதுப் பிள்ளை இதில் நம் ஊரின் வரலாற்றைக் கட்டிப் பார்க்க முடியும். அதற்கு ஆங்கிலம் ஒரு வாயிற்காவலாக நிற்க வேண்டியதில்லை.

பிறர் செய்த சினாரியோக்களை விளையாடுவது தனி இன்பம். அவற்றை விளையாட்டுக்குள் இருந்தபடியே தேடி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தரம் ஏற்ற இறக்கமானது என்பதால் மதிப்பெண்ணைப் பார்த்துத் தெரிவு செய்வது நல்லது. நண்பர்கள் சேர்ந்து விளையாட, கோட்டைகளிலிருந்து படைகள் தாமாகவே வெளிப்படும் ‘காசில் பிளட் ஒட்டோமெட்டிக்’ வகையைப் பரிந்துரைக்கிறேன். இணையவழி ஆட்ட அறையைத் திறப்பவரிடம் சினாரியோ இருந்தால் போதும், மற்றவர்களின் கணினிக்கு அது தானாகவே வந்து சேர்ந்துவிடும். தனியாக விளையாடுவோருக்கு 2024இல் வந்த ‘விக்டர்ஸ் அண்ட் வேன்குவிஷ்ட்’ தொகுப்பில் 19 சினாரியோக்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ரசிகர் ஒருவர் எடிட்டரில் உருவாக்கியவற்றை மெருகேற்றியவை. இந்தக் கருவியால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

வாங்க எண்ணுவோருக்கு என் ஆலோசனை இதுதான்: அடிப்படை விளையாட்டிலேயே எடிட்டர் அடங்கியிருப்பதால் முதலில் அதை மட்டும் வாங்குங்கள். தமிழ் பேசும் படை வேண்டுமென்றால் இந்தியத் தொகுப்பைப் பின்னர் சேர்க்கலாம். முதல் முயற்சிக்கு 120 கட்ட வரைபடமும் இரண்டு தரப்பும் பத்துக்குக் குறைவான ட்ரிகர்களும் போதும்.