மூன்று முறை பழுதான டிவி டியூனர் கிராபிக்ஸ் கார்டு

கணினித் திரையிலேயே தூர்தர்ஷன் பார்க்கும் ஆசையில் வாங்கிய, டிவி அலைகளைப் பெறும் டியூனரும் சேர்ந்த இந்த ஏஜிபி (பழைய கணினிகளில் கிராபிக்ஸ் கார்டுக்கென இருந்த செருகுவாய்) கார்டு, இரண்டே ஆண்டுகளில் மூன்று முறை பழுதாகிவிட்டது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை முழுவதும் நீக்கி மீண்டும் நிறுவியும், ஒளிபரப்பு முறையை அமெரிக்காவின் என்டிஎஸ்சியிலிருந்து (NTSC) அன்று நம் நாட்டில் இருந்த 625 வரி பால் (PAL) முறைக்கு மாற்றியும், சில நிமிடங்களில் படம் உறைந்துபோனது. கழற்றிப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது: விசிறி தூசி அடைத்துச் சுழலாமல் நின்றிருக்க, அருகிலிருந்த இரண்டு கெப்பாசிட்டர்களின் (மின்தேக்கிகளின்) தலை உப்பி, ஒன்றின் ஓரத்தில் பழுப்பு நிறக் கசிவு காய்ந்திருந்தது. டியூனரின் தகரப் பெட்டியும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே பலகையில் நெருக்கியடித்து நிற்பதால் சூடு தணிய வழியில்லை, இதுவே பெருங்குறை. விசிறியை மாற்றி, அதே அளவுள்ள, 105 டிகிரி செல்சியஸ் வெப்பம் தாங்கும் கெப்பாசிட்டர்களைப் பற்றவைத்த பின் கார்டு சீராக ஓடுகிறது. படத்தின் தெளிவு உண்மையிலேயே அருமை. ஆயினும், அன்று புதிதாக வாங்கியோருக்கு, கிராபிக்ஸ் கார்டோடு சேராமல் பிசிஐ என்ற வேறு செருகுவாயில் பொருத்தும் தனி டியூனரையே பரிந்துரைத்திருப்பேன்.