ஏலகிரியா, வேலூர்க் கோட்டையா: அரசின் சுற்றுலாக் காசு எங்கே போனால் ஊருக்குச் சேரும்?

2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ஏலகிரி மலை திருப்பத்தூரோடு போய்விட்டது. ஆனாலும் நம்ம பக்கம் சுற்றுலா என்று பேச்செடுத்தால் இன்றைக்கும் முதலில் வாயில் வருவது ஏலகிரிதான். கோட்டை அப்புறம்தான். இந்த வரிசை மாற வேண்டும் என்பது என் கட்சி.

ஏலகிரியில் அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 14 கொண்டை ஊசி வளைவோடு நல்ல ரோடு, புங்கனூர் ஏரியில் படகு, கோடை விழா எல்லாம் இருக்கிறது. ரோடு வந்ததும் நிலத்தின் விலை ஏறியது, வெளியூர்க்காரர்கள் வாங்கினார்கள், ரிசார்ட்டுகள் வந்தன. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கிடைத்தது ரூம் சுத்தம் செய்கிற வேலை, தோட்ட வேலை, ரோட்டோரம் பலாச்சுளையும் தேனும் விற்கிற பிழைப்பு. அதுவும் சனி, ஞாயிறு களைகட்டும், திங்கட்கிழமை ஈயாடும். தமிழக அரசின் 2023 சுற்றுலாக் கொள்கை இந்தத் துறைக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்தது, முதலீட்டுக்கு மானியமும் அறிவித்தது. நல்லதுதான், ஆனால் அதைப் பிடிக்கப் பெரிய கை வேண்டும். வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விட நினைக்கும் மலைக்காரருக்கு விண்ணப்பத்தை நிரப்பவே ஆள் துணை வேண்டும்.

கோட்டைக்கு வருவோம். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி, அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்கள், இதெல்லாம் நமக்குத் தெரிந்த பெருமைதான். நான் சொல்ல வருவது வேறு. கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை இருக்கிறது. காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் லாட்ஜ் போர்டுகளை வங்காளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், கடையில் கடுகெண்ணெய் கிடைக்கும், அறையோடு சமைக்க அடுப்பும் தருகிறார்கள். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிக்குத் துணையாக வருகிறவர்கள் பரிசோதனை முடிவுக்காக நாள்கணக்கில், சிலர் வாரக்கணக்கில் இங்கே தங்குகிறார்கள். இத்தனை நாள் தங்குகிற ஆளைத் தேடித்தானே மற்ற ஊர்கள் விளம்பரத்துக்குச் செலவு செய்கின்றன!

ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கும் கூட்டம் வருகிறதே என்பார்கள். வருகிறது, ஆனால் பெரும்பாலும் வேனில் வந்து தரிசனம் முடித்து அப்படியே திருப்பதிக்கோ திருவண்ணாமலைக்கோ போய்விடுகிற கூட்டம்.

கோட்டையில் ஒரு சிக்கல் உண்டு. அது மத்தியத் தொல்லியல் துறையின் கையில் இருப்பதால், மாநில அரசு நினைத்தபடி உள்ளே ஆணிகூட அடிக்க முடியாது. சரி, வெளியே செய்யலாமே. கோட்டை, மக்கான் பகுதியில் திப்பு சுல்தான் குடும்பத்தார் சமாதிகள், பாலாற்றங்கரையில் இலங்கைக் கண்டியின் கடைசி மன்னருக்குக் கட்டிய முத்து மண்டபம், மூன்றையும் சுற்றி சிஎம்சி வாசலுக்கே திரும்புகிற ஒரு டவுன் பஸ், வங்காளத்திலும் இந்தியிலும் தகவல் பலகை, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் பயிற்சி. இதற்கு நிலம் எடுக்க வேண்டாம், மலையை வெட்டவும் வேண்டாம். காசு ஆட்டோக்காரர், டீக்கடை, சின்ன லாட்ஜ், பூக்காரம்மா என்று பல கைக்குப் போகும், வாரத்தில் ஏழு நாளும்.

ஏலகிரிக்கு ஒன்றுமே கொடுக்காதே என்று சொல்லவில்லை. அங்கே அடுத்த ரூபாய் ஏரிக்கரை அலங்காரத்துக்குப் போகாமல், மலைக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தினரைத் தங்க வைக்கக் கடனாகப் போகட்டும்.